பக்கிங்காம் கால்வாயின் லாக்குகள்

சோழமண்டலக் கரையோரம் ஓடும் பக்கிங்காம் கால்வாயை ஆறுகள் வெட்டிச்செல்லும் இடங்களில், படகுப் போக்குவரத்துக்காக அமைத்த கதவு அடைப்புகளே லாக்குகள். உதாரணமாக, பாலாறு கடலில் விழுமுன் இந்தக் கால்வாயைக் கடக்கிறது.

1806இல் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது, பிற்பாடு வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சம், தெற்கே மரக்காணம் என்று சுமார் 420 கி.மீ. நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. துண்டை வெட்டியவர்கள் 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர்களையும் சொல்லியாக வேண்டும்.

படகு லாக்குக்குள் வந்ததும் பின்கதவை அடைத்து, முன்கதவின் மதகுப் பலகையைத் தூக்குவார்கள். உள்ளே நீர் ஏறும், அல்லது வடியும். இருபுறமும் மட்டம் ஒன்றான பிறகே கதவு திறக்கும். அதற்குமுன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

பராமரிப்பின் பாடு இங்கேதான். உப்புநீரில் மரக்கதவைக் கடற்புழு துளைக்கும், இரும்புக் கீலைத் துரு தின்னும். கதவு வந்து அமரும் கல்லில் ஒரு சாண் சேறு படிந்தாலே முழுதாக மூடாது. கடல் வற்றும் நேரத்தில் கால்வாய் நீர் ஆற்றுக்குள் வடிந்து, விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் தரைதட்டும். பழுதுபார்க்க வேண்டுமானால் இருபக்கமும் மண் அணை போட்டு நீரை இறைக்க வேண்டும். வேலை முடியும்வரை படகோட்டிக்கு மாற்றுவழி கிடையாது. ஒரு லாக்கு நின்றால் தடம் முழுவதும் இரண்டு துண்டாகிவிடும்.

ஆகவே இது பழுதான பின் ஆள் தேடும் வேலையல்ல. நிரந்தரப் பொறுப்பாளர் வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிக்கென்றே 6 பேர் கொண்ட வாரியத்தைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தன. கால்வாய்க்கு அப்படிப்பட்ட காவல் கடைசிவரை நீடிக்கவில்லை. 1965, 1966, 1976 புயல்கள் அதைச் சிதைத்தன. சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் மாறியது. ஆற்று முகத்துவாரங்கள் மணலால் தூர்ந்தன.

2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்த் தடம் தேசிய நீர்வழி 4இல் சேர்க்கப்பட்டது. ஆனால் சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டுள்ளன. அங்கே லாக்குகளைச் செப்பனிட்டாலும் பெரிய சரக்குப் படகு நுழைய இடமில்லை.