வாசா குடித்த மெழுகு

நான் கலைப்பீடம். எனக்கும் இரசாயனத்துக்குமான உறவு சாதாரண தரத்தோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருந்தன். ஒரு கப்பலைப் பற்றி வாசிக்கப் போய்த் திரும்பவும் மாட்டுப்பட்டன்.

1628 ஓகஸ்ட் 10. ஸ்டொக்ஹோம் துறைமுகம். போலந்தோடு நடந்த போருக்காகச் சுவீடன் அரசர் கட்டுவித்த வாசா என்ற கப்பல் தன் முதற் பயணத்தில் ஏறக்குறைய 1,300 மீற்றர் போனது. ஒரு காற்று அடித்துச் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கி வாசல்களால் தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான். முப்பது பேரளவில் இறந்துபோனார்கள்.

போல்டிக் கடலில் உப்புக் குறைவு. மரத்தைத் துளைக்கிற கப்பற்புழு அங்கே வாழாது. அதனால் 333 வருடம் கழித்து, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே எடுத்தபோது கப்பல் ஏறக்குறைய முழுதாக வந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரத்தில் கலங்களின் வடிவத்தைத் தாங்கி நிற்பதே தண்ணீர்தான். காயவிட்டால் சுருங்கி வெடிக்கும்.

தண்ணீர் இருந்த இடத்தில் வேறொன்றை வைக்கவேண்டும். நோர்வேயில் 1904இல் தோண்டியெடுத்த ஒசெபெர்க் கப்பலின் மரப் பொருட்களுக்குப் படிகாரம் பாவித்திருந்தார்கள். சுவீடன்காரர் தெரிவுசெய்தது பொலிஎதிலீன் கிளைக்கோலை. சுருக்கமா பி.இ.ஜி.

இது பொலிஈதர் வகைப் பல்பகுதியம். இரண்டு காபன், ஒரு ஒட்சிசன், திரும்ப இரண்டு காபன், ஒரு ஒட்சிசன் எண்டு நீளும் சங்கிலி. அந்த ஒட்சிசன்கள் தண்ணீரோடு ஐதரசன் பிணைப்பால் கைகோர்க்கும். ஆகவே தண்ணீரில் கரைந்து, ஊறின மரத்துக்குள்ள தண்ணீர் போன வழியாலேயே போகும். குறுகிய சங்கிலி திரவம், நீண்டது மெழுகு. முகக் கிறீமிலும் மலச்சிக்கல் மருந்திலும் இருப்பது இதுதான். எங்களில் கனபேர் போட்ட பைசர் தடுப்பூசியிலும் கொழுப்பு மூலக்கூறொன்றோடு இணைத்த வடிவில் இருந்தது.

இதைச் செய்ய எதிலீன் ஒக்சைட்டு வேண்டும். 1859இல் பிரான்சின் வூர்ட்ஸ் அதை முதலில் தயாரித்தார். பழைய தொழிற்சாலை முறை குளோரீனைப் பாவித்து, கல்சியம் குளோரைட்டைக் கழிவாகக் குவித்தது. 1931இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் லெஃபோர், வெள்ளியை ஊக்கியாக வைத்து எதிலீனை நேரே ஒட்சிசனோடு சேர்க்கலாம் எண்டு கண்டுபிடித்தார். குளோரீன் போனது. ஆனால் எதிலீன் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்துதான் வருகிறது. 17ஆம் நூற்றாண்டு ஓக் மரத்துக்குள்ள 20ஆம் நூற்றாண்டு எண்ணெய்! அரும்பொருளகத்தில் நின்று "அசல் கப்பல்" எண்டு சொல்லேக்க நாங்கள் எதைச் சொல்லுறம்?

1962இலிருந்து 1979 வரை, 17 வருடம், கப்பலுக்கு பி.இ.ஜி. கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெதுவாகக் காயவிட்டார்கள். 1990இல் புதிய அரும்பொருளகம் திறந்தது. எல்லாம் சுபம் போலத்தான் இருந்தது.

2000ஆம் ஆண்டுக் கோடை மழையா இருந்தது. நனைந்த உடுப்போடு வந்த கூட்டத்தால் உள்ளே ஈரப்பதன் ஏறியது. மரத்தில் வெள்ளை, மஞ்சள் படிவுகள் தெரிந்தன. சோதித்தால் அமிலம்! 2002இல் வெளிவந்த ஆய்வு, மரத்துக்குள் ஏறக்குறைய இரண்டு தொன் கந்தகம் இருப்பதாக மதிப்பிட்டது. ஸ்டொக்ஹோம் நகரம் நூற்றாண்டுகளாகத் துறைமுகத்துக்குள் விட்ட கழிவுநீர், அடியில் ஒட்சிசனைக் குறைத்து மரத்தை அழுகவிடாமல் வைத்திருந்தது. அதே கழிவுநீரில் பற்றீரியாக்கள் உண்டாக்கின ஐதரசன் சல்பைட்டுத்தான் மரத்துக்குள் ஊறி இருந்தது. காற்றுப் பட்டதும் அது சல்பூரிக் அமிலமாகத் தொடங்கியது. துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு அதைத் துரிதப்படுத்தியது.

காப்பாற்ற ஊற்றின பி.இ.ஜி.யும் தப்பவில்லை. சில இடங்களில் சங்கிலி அறுந்து போர்மிக் அமிலம் உருவாகியிருப்பதைப் பிறகு கண்டார்கள். ஒசெபெர்க்கின் படிகாரமும் இதே கதைதான். அதுவும் அமிலமாகி, அந்தப் பொருட்கள் இப்ப உள்ளுக்குள்ள உதிருது.

இதை வைத்து அந்தக் காலத்து ஆட்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரேல்ல. காயவிட்டிருந்தா ஒண்டும் மிஞ்சியிருக்காது. பி.இ.ஜி. தண்ணீரில் கரைவதால் தேவைப்பட்டால் கழுவி எடுக்கலாம் எண்ட நம்பிக்கையும் இருந்தது. 69 மீற்றர் கப்பலை ஆர் கழுவுறது?

இப்ப காலநிலைக் கட்டுப்பாட்டை இறுக்கியிருக்கிறார்கள். 5,000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் போட்டார்கள். நோர்வேயில் ஒசெபெர்க்குக்காக, இறால் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் மரத்திலேயே இருக்கிற லிக்னினையும் மாற்றியமைத்துப் பார்க்கிறார்கள். பெற்றோலியம் இல்லாத சங்கிலிகள். நூறு வருடத்தில் அவை என்னவாகும் எண்டு சோதிக்க, நூறு வருடம் வேணும்.

எங்கட காலித் துறைமுகத்திலும் ஒரு கப்பல் இருக்கு. 1659இல் மூழ்கின ஒல்லாந்தக் கம்பனியின் அவொன்ட்ஸ்டர். 2001இலிருந்து அகழ்ந்து பொருட்களை மேலே எடுத்தார்கள். 2004 சுனாமி அந்த ஆய்வுகூடத்தை அடித்துக்கொண்டு போனது. கப்பலின் உடலை எடுக்கவில்லை. அது இன்னும் கடலுக்கடியிலதான் கிடக்கு.