பல்சக்கர விகித மாற்றம் (மோட்டார் சைக்கிள்)

மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி சென்று சேரும் வழியில் அமைந்த பல்சக்கரங்களுள் ஒன்றை எடுத்துவிட்டு, பற்களின் எண்ணிக்கை வேறான மற்றொன்றை அங்கே பொருத்தி, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுற்றவேண்டும் என்னும் கணக்கைத் திருத்தியமைப்பது பல்சக்கர விகித மாற்றம் எனப்படும். பட்டறைகளில் இதனை ஸ்பிராக்கெட் மாற்றுவது என்றே சொல்வர். இம்மாற்றத்தினால் எஞ்சினின் சக்தி அணுவளவும் கூடுவதில்லை. உள்ள சக்தி வேகமாகச் செலவாவதா, இழுவையாகச் செலவாவதா என்பது மட்டுமே மாறுகிறது.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம், 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிவந்த பழைய 350 புல்லட் ஆகும். 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அதன் ஒற்றைச் சிலிண்டர், 5,625 சுற்றில் 18 குதிரைசக்தி தருவது. எஞ்சினில் 25 பல்லும் கிளட்சில் 56 பல்லும், கியர்ப்பெட்டியின் வாயிலில் 16 பல்லும் பின்சக்கரத்தில் 38 பல்லும் அமைந்திருப்பதால், நான்காவது கியரில் எஞ்சின் ஏறத்தாழ 5.32 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். பத்தொன்பது அங்குலச் சக்கரத்தில் 3.25 அங்குல டயர் பூட்டினால் அது ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் கடக்கும். ஆகவே 60 கி.மீ. வேகத்தில் எஞ்சினுக்குச் சுமார் 2,610 சுற்று, 80 கி.மீ. வேகத்தில் சுமார் 3,490. கியர்ப்பெட்டியிலுள்ள முன் பல்லை 17 ஆக்கினால் 80-இல் அது 3,280 ஆகக் குறைகிறது. 18 ஆக்கினால் 3,100 ஆகிறது. புல்லட்டில் சுற்றுமானி கிடையாது; எனினும் கைப்பிடியிலும் கால்மிதியிலும் உணரப்படும் அதிர்வு தணிவதைக் கொண்டே ஓட்டுபவர் இவ்வித்தியாசத்தை அறிந்துவிடுவார்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் செல்லும் சாலை இத்தகைய மாற்றத்துக்குப் பெரிதும் இணக்கமானது. வெள்ளாற்றைக் கடந்து புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக ஏறத்தாழ 45 கி.மீ. செல்லும் அப்பாதையில், கடலூரை ஒட்டிய கேப்பர் மலையை நீக்கிவிட்டால், ஏற்றமென்று சொல்லத்தக்கது பாலங்களின் முகப்பு மட்டுமே. மலைப்பாதையில் தேவைப்படும் இழுவை இங்கே தேவைப்படுவதில்லையாதலால், தனியே பிரயாணம் செய்பவர் எஞ்சினைச் சற்று நிதானமாகச் சுழலவிடுவது நியாயமே. ஆனால் இந்தச் சமவெளியிலும் ஒரு மலை உண்டு, அது கடற்காற்று. காற்றின் தடையை வெல்வதற்கு வேண்டிய சக்தி, வேகத்தின் கன விகிதத்தில் உயர்வதால், 60 கி.மீ. வேகத்தில் தேவைப்பட்டதைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேலாக 80 கி.மீ. வேகத்தில் தேவைப்படுகிறது. அதற்கும் மேலாக எதிர்க்காற்று வீசுமாயின், 18 பல் பூட்டிய வண்டி நான்காவது கியரில் திணறத் தொடங்கும். ஓட்டுபவர் மூன்றாவதுக்கு இறங்க நேரிடும். மூன்றாவது கியரின் விகிதம் 1.36 ஆகையால், 60 கி.மீ. வேகத்திலேயே எஞ்சின் சுமார் 3,160 சுற்றுச் சுற்றும். அதாவது, எந்தச் சுற்றைக் குறைக்கவேண்டுமென்று செலவு செய்தாரோ, அதற்கும் 550 சுற்று அதிகமாகச் சுற்றவிட்டுக்கொண்டு பிரயாணம் செய்ய நேர்கிறது.

சிதம்பரம் ஊருக்குள்ளே பிரதிகூலம் இன்னும் தெளிவாகப் புலப்படும். ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் தேர் வீதிகளில் ஜனத்திரளுக்கிடையே 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு, 16 பல்லிருந்தால் முதல் கியரில் 1,210 சுற்று கிடைக்கும். 18 பல்லில் 1,080-க்கும் குறைவாகவே கிடைக்கும். அந்த நிலையில் எஞ்சின் தடதடத்து நின்றுபோகாதிருக்க ஓட்டுபவர் கிளட்சைப் பாதி பிடித்தபடியே செல்லவேண்டியிருக்கும்; நாளடைவில் கிளட்சுத் தகடுகள் எரிந்துபோகும். குறைந்த சுற்றில் அதிகச் சுமையை இழுக்கச் செய்வது எஞ்சினுக்கு ஓய்வளிப்பதாகும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது பிழையானது. அவ்வாறு இழுக்கும்போது எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவதும், செயின் குலுங்குவதும் அதன் துன்பத்தின் அறிகுறிகளே. பெட்ரோல் செலவும் அப்போது குறைவதில்லை.

வேலையின் சிரமமும் கருதத்தக்கது. பழைய புல்லட்டில் பின் பற்கள் பிரேக் டிரம்முடன் ஒரே வார்ப்பாக இருப்பதால் அவற்றைத் தனியே மாற்ற இயலாது. முன் பல்லோ கிளட்சுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், இடப்புற மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கிளட்சையும் இறக்கிய பிறகே அது கைக்கு எட்டும். ஜப்பானிய முறையில் அமைந்த வண்டிகளிலோ சிறிய மூடி ஒன்றை எடுத்தவுடன் முன் பல் தெரியும். பின் பல்லும் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வகை வண்டிகள் சிலவற்றில் வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து அளவெடுப்பதால், பல் மாறியவுடன் அது தவறான வேகத்தைக் காட்டும். புல்லட்டின் வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்குவதாகையால் இத்தொல்லை அதற்கில்லை. 17 என்பது பகா எண்ணாதலின் விசேஷமான அனுகூலம் ஒன்றும் உண்டு: செயினின் ஒரே கண்ணி ஒரே பல்லிலேயே அடிக்கடி வந்து விழாமல், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்குமிடத்து, இப்பிரதேசத்தில் பெரும்பாலும் தனியே நெடுந்தூரம் செல்லும் 350 புல்லட்டுக்கு ஒரு பல் கூட்டுவது தகும். இரண்டு பல் கூட்டுவது தகாது. மனைவி மக்களையோ நெல் மூட்டையையோ ஏற்றிச் செல்பவர் 16 பல்லையே வைத்துக்கொள்வது உசிதம். மாற்றிக்கொள்பவரும், கழற்றிய பழைய பல்சக்கரம் தேயாதிருந்தால், எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தி வைப்பாராக. சுமை கூடும் காலத்தில் அது மறுபடியும் வேண்டியிருக்கும்.