ஆக்கியவன் பெயர்

ஆடை அழகாயிருப்பின் உடுத்தியவரைப் புகழ்கிறோம். ஆக்கியவர் யாரென்று நாம் வினவுவதில்லை. ஆட்ரி ஹெப்பர்ன் என்னும் நடிகையின் வரலாறு நமக்கு இதனை உணர்த்துகின்றது.

‘சப்ரீனா’ படத்திற்கு உடை வேண்டி, 1953இல் அவர் பாரிஸ் நகரில் உபேர் டி ஜிவான்ஷியின் தையற்கூடத்திற்குச் சென்றார். வருபவர் மூத்த நடிகை காதரின் ஹெப்பர்ன் என எண்ணியிருந்த ஜிவான்ஷி, புத்துடை தைக்க நேரமில்லை என்றார். ஆட்ரியோ முன்னரே தைத்திருந்தவற்றுள் தமக்கேற்றவற்றைத் தேர்ந்து, அவற்றை உடுத்து நடித்தார். அப்படத்தின் உடைக்கான ஆஸ்கார் பரிசு, 1955இல் ஈடித் ஹெட் ஒருவருக்கே கிடைத்தது. ஜிவான்ஷியின் பெயர் திரையிலும் தோன்றவில்லை.

எனினும் நட்பு முறியவில்லை. 1957இல் வெளிவந்த ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்தில் அவர் பெயர் பொறிக்கப்பெற்றது. 1961இல் ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ படத்திற்கு அவர் ஆக்கிய கறுப்பு உடை, மிகையின்மையே அழகு என நிறுவிற்று. 1993இல் ஆட்ரி மறையும்வரை அந்நட்பு நிலைத்தது.

அப்படத்திற்கென ஆக்கிய கறுப்பு உடைகளுள் ஒன்றை ஜிவான்ஷி அறத்திற்கு ஈந்தார். 2006இல் அது இலண்டனில் 4,67,200 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அப்பொருள் இந்தியாவின் ஏழைகளுக்கான தொண்டிற்குச் சென்றது. பெயர் மறைக்கப்பட்ட கையே பெருங்கொடை அளித்தது!

அன்பர்களே, நம் உடலை மூடும் ஒவ்வோர் இழையின் பின்னும் ஒருவர் உழைப்பு உண்டு. அவரையும் போற்றுவோமாக.