சதுரங்க வீரரும் ஐடியலும்

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து போன் வந்ததும் என் நினைவுக்கு வந்தது மூன்றாம் ஆண்டு அல்ஜீப்ரா தாள்தான். ரிங், ஐடியல், பிரைம் ஐடியல் என்று வரையறை வரையறையாக மனப்பாடம் செய்து, எப்படியோ பாஸ் பண்ணி, எம்.சி.ஏ. பக்கம் ஓடிப்போய் இன்று மென்பொருள் பொறியாளராக இருப்பவன் நான். இதெல்லாம் எதற்கு என்று அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'பரீட்சைக்கு' என்றுதான் பதில் வந்திருக்கும். அதன் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான், அந்த வரையறைகளுக்குப் பின்னால் படங்கள் இருந்தது தெரிந்தது.

இமானுவேல் லாஸ்கரை செஸ் ஆடும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1894 முதல் 1921 வரை உலக சாம்பியன். அதே ஜெர்மானியர் 1905-இல் ஒரு கணிதத் தேற்றத்தையும் நிரூபித்தார்.

xy = 0 என்பதை வரைந்து பாருங்கள். ஒரு பிளஸ் குறி வரும். அது x = 0, y = 0 என்ற இரண்டு கோடுகளாகப் பிரியும். அல்ஜீப்ராவில் சொன்னால், xy-இன் ஐடியல் என்பது x-இன் ஐடியலும் y-இன் ஐடியலும் வெட்டிக்கொள்ளும் பகுதி. அந்த இரண்டும் பிரைம் ஐடியல்கள். அவ்வளவுதான் விஷயம்! இந்தப் பிளஸ் குறியை ஒருநாள் போர்டில் யாராவது போட்டிருக்கக் கூடாதா?

சரி, x² = 0 என்றால்? y = x² என்ற பரவளைவை x அச்சு தொடும் இடத்தைப் பாருங்கள். y-க்கு 0 போட்டால் x² = 0 வருகிறது. அச்சு வளைவை வெட்டவில்லை, உரசிக்கொண்டு போகிறது. படத்தில் தெரிவது ஒரே புள்ளி. ஆனால் x-இன் ஐடியல் வேறு, x²-இன் ஐடியல் வேறு. உரசியதை அல்ஜீப்ரா மறப்பதில்லை. இதற்காகத்தான் பிரைமரி ஐடியல் என்ற ஒன்று வேண்டியிருந்தது. எத்தனை மாறிகள் இருந்தாலும், பாலினாமியல் ஐடியல் எதையும் இப்படிச் சில பிரைமரி ஐடியல்களின் வெட்டாக எழுதலாம் என்பதே லாஸ்கர் காட்டியது.

1921-இல் எம்மி நோதர் இதைப் பாலினாமியலிலிருந்தே விடுவித்தார். ஒன்றையொன்று விழுங்கி வளரும் ஐடியல் சங்கிலி எங்காவது ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். அந்த ஒரு நிபந்தனை போதும் என்றார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1919 வரை சொந்தப் பெயரில் பாடம் நடத்தக்கூட அனுமதி கிடைக்காத பெண்மணி அவர். ஹில்பர்ட் பெயரில் அறிவித்துவிட்டு வகுப்பை இவர் எடுப்பார். 1933-இல் யூதர் என்று நாஜி அரசு வேலையிலிருந்து நீக்க, அமெரிக்கா போய் 1935-இல் காலமானார். லாஸ்கரும் அதே 1933-இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர்தான்.

'நோதேரியன் ரிங்' என்று புத்தகத்தில் ஒரு வரி வரும், ஞாபகம் இருக்கிறதா? நோதர் யாரோ தாடி வைத்த கிழவர் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.