கார் நிக்கோபாரில் சங்கீதம்

கார் நிக்கோபார்த் தீவில் ஆங்கிலிக்கன் திருச்சபை வேரூன்றியது வேதப்பன் சாலமோன் என்னும் தமிழரின் உழைப்பாலாகும். அவர்தம் மாணாக்கர் ஜான் ரிச்சர்ட்சன்.

1942இல் ஜப்பானியப் படை அத்தீவைக் கைப்பற்றியது. ஒற்றர் என்னும் ஐயத்தால் தீவினர் பலர் கொல்லப்பட்டனர், ரிச்சர்ட்சனும் துன்புறுத்தப்பட்டார். இத்தகைய நாளில் இறைவனைத் துதிப்பது எங்ஙனம்?

அத்திருச்சபையின் காலை மாலை ஆராதனைகளில் சங்கீதங்கள் நீங்கா இடம் பெற்றவை. 150 சங்கீதங்களுள் முறையீடுகள் மிகப் பல. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டோன் கதறலில் தொடங்கித் துதியில் நிறைவுறும். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடியும். ஆகவே துதித்தல், துயரை மறைத்தலன்று. அதனை இறைவன் திருமுன் ஒளியாது உரைத்தலுமாம்.

1945இல் போர் ஓய்ந்தது. ரிச்சர்ட்சன் 1950இல் அத்தியட்சரானார். புதிய ஏற்பாட்டையும் தம் தீவு மொழியில் பெயர்த்தளித்தார். துயருற்ற மக்கள் தம் தாய்மொழியிலேயே மறை பயின்றனர்.