ஆர்சனிக் டிரையாக்சைடு (புற்றுநோய் மருந்து)

ஆர்சனிக் டிரையாக்சைடு, ஏ.பி.எல். எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் தீவிர புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. நாட்டு வழக்கில் வெள்ளைப் பாஷாணம் எனப்படும் நஞ்சும் இதே சேர்மம்தான். நோய்க்கு வேரான புரதத்தை, புற்றணுவின் சொந்தக் கழிவகற்றும் அமைப்பைக் கொண்டே சிதைக்க வைப்பது இதன் தனித்தன்மை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) இம்மருந்தைத் தனியாகக் கொடுத்து நடத்திய சிகிச்சை உலகளவில் கவனம் பெற்றது.

நோயின் காரணம்

ஏ.பி.எல். நோய் 1957இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. 15ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், பி.எம்.எல். என்ற புரதமும் ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபா என்ற புரதமும் ஒன்றாகிக் கலப்புப் புரதம் உருவாகிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் முதிர்ச்சியடைவதை இது தடுக்கிறது. முதிராத அணுக்கள் பெருகுகின்றன. இரத்தம் உறையும் ஒழுங்கும் குலைகிறது. தொடக்க நாட்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தக்கசிவே.

புரதம் சிதையும் முறை

வேண்டாத புரதத்தின்மேல் உயிரணு யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டும். அவ்வாறு குறியிடப்பட்டதைப் புரோட்டியசோம் என்ற கழிவகற்றும் அமைப்பு துண்டு துண்டாக்கிவிடும். இவ்வழிமுறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்சனிக், கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியிலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களைப் பற்றிக்கொள்கிறது. உடனே அப்புரதத்தில் சூமோ என்ற முதல் குறி ஏறுகிறது. அதை இனங்காணும் ஆர்.என்.எஃப்.4 நொதி யூபிக்விட்டினை ஒட்ட, புரோட்டியசோம் மீதி வேலையை முடிக்கிறது. தடை விலகியதும் வெள்ளணுக்கள் முதிர்கின்றன அல்லது மடிகின்றன. வைட்டமின் ஏ வழிப்பொருளான அட்ரா மருந்தும் இதே கலப்புப் புரதத்தைச் சிதைக்கிறது. ஆனால் அது பற்றுவது மறுமுனையான ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவை. பி.எம்.எல். பகுதியில் சில மரபுப் பிறழ்வுகள் நேர்ந்தால் ஆர்சனிக் பலனளிக்காது.

ஹார்பினிலிருந்து வேலூர் வரை

1970களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், ஜாங் டிங்டாங் உள்ளிட்டோர், ஆர்சனிக் கரைசலை நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினர். அமெரிக்கா 2000இல் இம்மருந்தை அங்கீகரித்தது.

வேலூரில் விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி முதலியோர் 1998 முதல் 2004 வரை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு வழக்கமான வேதிச்சிகிச்சைக்குப் பதிலாக ஆர்சனிக்கை அடிப்படை மருந்தாகக் கொடுத்தனர். பெரியவர்களுக்கு அளவு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். நோய் தணிந்தபின் எஞ்சிய சிகிச்சையைப் புறநோயாளிகளாகவே பெற முடிந்தது. 2006இல் 'பிளட்' இதழில் வெளியான முடிவுப்படி 86 விழுக்காட்டினர் முழுத் தணிவு அடைந்தனர். 2010இல் வந்த தொடர் அறிக்கையில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 74 விழுக்காடு. விலையுயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத நாடுகளுக்கு இது மாற்று வழி காட்டியது.

2013இல் வெளியான இத்தாலிய-ஜெர்மானிய ஆய்வு, அபாயம் குறைந்த, நடுத்தர நோயாளிகளுக்கு அட்ராவும் ஆர்சனிக்கும் சேர்ந்தாலே போதும், வேதிச்சிகிச்சை வேண்டியதில்லை என நிறுவியது.

பக்கவிளைவுகள்

வெள்ளணுக்கள் திடீரென முதிர்வதால் காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல்வீக்கம் சேர்ந்த வேறுபடல் நோய்க்குறி வரலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கும் மாறலாம். ஆகவே இ.சி.ஜி.யும் இரத்தத்திலுள்ள பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளும் அடிக்கடி பார்க்கப்படுகின்றன. இது மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே செலுத்தப்படும் மருந்து. நாட்டு மருந்துகளில் சேரும் பாஷாணம் இதற்கு ஈடாகாது.

உறவு மருந்துகள்

புரதத்தைக் குறியிட்டுச் சிதைக்கும் இதே வழியில் வேறு மருந்துகளும் இயங்குகின்றன. பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கியதால் 1961இல் ஜெர்மனியில் விலக்கிக்கொள்ளப்பட்ட தாலிடோமைடு, யூபிக்விட்டின் ஒட்டும் நொதியின் பகுதியான செரிப்லான் என்ற புரதத்தைப் பற்றுவது 2010இல் தெரியவந்தது. அதன் வழிவந்த லெனலிடோமைடு, செரிப்லான் வழியாக ஐ.கே.இசட்.எஃப்.1, ஐ.கே.இசட்.எஃப்.3 புரதங்களைச் சிதைத்தே மையலோமா என்ற இரத்தப் புற்றுநோயை அடக்குகிறது என்பது 2014இல் உறுதியானது. புரதத்தையும் குறியிடும் நொதியையும் ஒரே மூலக்கூறால் இணைக்கும் புரோடாக் முறை 2001இல் அறிமுகமானது. இக்கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் முன்பே மருத்துவமனைக்கு வந்துவிட்ட ஆர்சனிக், எவ்வாறு வேலை செய்கிறது என்பது பிந்தியே விளங்கியது.