கஞ்சா கமிஷனும் கோளாறான டேட்டாவும்

போன வாரம் முழுக்க ஆபீஸ்ல டேட்டா சுத்தம் பண்ற வேலை. கட்டாயம் நிரப்பணும்னு ஒரு கட்டம் இருந்தா நம்மாளுங்க வாய்க்கு வந்ததை அடிச்சு வச்சுடுவாங்க. ஏன் சொல்றேன்னா, 1893-94ல உட்கார்ந்த இந்தியன் ஹெம்ப் ட்ரக்ஸ் கமிஷனுக்கும் இதே தலைவலிதான்.

கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்குது, தடை பண்ணுங்கன்னு லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் பேச்சு. ஆதாரம், இங்கே இருந்த மனநோய் விடுதிகளோட புள்ளிவிவரம். கமிஷன் அதை அப்படியே நம்பலை. 1892ல சேர்ந்தவங்கள்ல கஞ்சா வகையறாதான் காரணம்னு பதிவானது 222 பேர். ஒவ்வொரு கேஸா தோண்டினதுல தேறினது 98. அதுலயும் கஞ்சா மட்டுமேன்னா 61தான்!

என்ன நடந்திருக்கு? ஆளைக் கூட்டிட்டு வர்ற போலீஸ்காரர் படிவத்துல 'காரணம்' எழுதியாகணும். கஞ்சா பழக்கம் இருந்ததா? முடிஞ்சது வேலை. விடுதியிலயும் அதையே காப்பி பண்ணிட்டாங்க. உண்மையான காரணத்தை யாரும் தேடவே இல்லை, பாவம்.

கடைசியில கமிஷன் தடை வேண்டாம், கட்டுப்படுத்தினா போதும்னுது. (வரிப்பணமும் கண்ணை உறுத்தியிருக்கும், அது வேற.) முன்மாதிரி வங்காளம். அங்கே நவ்காவ்ன் பக்கம், இப்போ பங்களாதேஷ்ல இருக்கு, லைசென்ஸ் இருந்தாத்தான் பயிரிடலாம். விளைஞ்சது அதிகாரிங்க கண்காணிப்புல குடோனுக்குப் போகும். வரி கட்டினாத்தான் மூட்டை வெளியே வரும்.